தபாலில் கிராஸ் ஸ்டிட்ச் சாமான் வாங்குவது: ஆர்டர் எழுதும் முன் போட வேண்டிய கணக்கு

துணியில் கட்டம் எண்ணிக் குறுக்குத் தையல் போடும் கிராஸ் ஸ்டிட்ச் வேலைக்கு, ஆர்டர் தாளில் "வெள்ளை நூல் 2" என்று எழுதி அனுப்பினால் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிஎம்சி என்ற நூல் நிறுவனத்தின் ஆறிழைப் பருத்தி நூலில் மட்டும் வெள்ளை என்று சொல்லத்தக்கவை நாலு இருக்கின்றன: பி5200, பிளாங்க், 3865, எக்ரு. பி5200 நீலம் போட்டு அலசிய வேட்டி மாதிரிப் பளிச்சென்று இருக்கும். பிளாங்க் அதைவிடக் கொஞ்சம் அடங்கிய வெள்ளை. 3865 இன்னும் தணிந்தது. எக்ரு, வெளுக்காத பஞ்சின் நிறம். நேரில் போனால் நாலையும் துணிமேல் வைத்துப் பார்த்து ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். தபாலில் அந்த வசதி இல்லை. அங்கே கண்ணுக்கும் கைக்கும் பதிலாக எண்தான் பேசுகிறது. அதனால் கடையின் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே, எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் சார்ட்டை எதிரில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எண்ணாக மாற்றிவிட வேண்டும்.

துணி: எத்தனை அங்குலம்

கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியின் "கவுண்ட்" என்பது ஒரு அங்குலத்தில் உள்ள கட்டங்களின் எண்ணிக்கை. 11, 14, 16, 18 ஆகியவை எளிதில் கிடைக்கும். எண் ஏற ஏறக் கட்டம் சிறுக்கும், படமும் சிறுக்கும். சார்ட்டின் அகலக் கட்டங்களையும் உயரக் கட்டங்களையும் கவுண்டால் வகுத்தால் படத்தின் அளவு அங்குலத்தில் வந்துவிடும். அதோடு நாலு பக்கமும் 3 அங்குலம் விட வேண்டும், அதாவது அகலத்துக்கு 6, உயரத்துக்கு 6.

140 × 98 கட்டமுள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 14 கவுண்டில் அது 10 × 7 அங்குலம். விளிம்பு சேர்த்தால் 16 × 13 அங்குலத் துணி. இதே படம் 18 கவுண்டில் ஏறத்தாழ 7.8 × 5.4 அங்குலம்தான், 14 × 12 அங்குலத் துண்டு போதும். விளிம்பை 1 அங்குலமாகக் குறைத்துத் துணியை மிச்சம் பிடிக்கிறவர்கள் பிறகு சட்டம் போடும் இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அட்டையின் பின்பக்கம் மடித்து இழுத்துக் கட்டத் துணி இருக்காது, தைக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்கும் வளையமும் ஓரத்தில் நிற்காது.

அதிகம் பேர் தவறுவது ஈவன்வீவ், லினன் துணிகளில். இவற்றில் கவுண்ட் என்பது இழைகளின் எண்ணிக்கை. வழக்கமாக இரண்டு இழைக்கு ஒரு தையல் போடுகிறோம். ஆகவே 28 கவுண்ட் ஈவன்வீவ், அளவில் 14 கவுண்ட் ஐடாவுக்குச் சமம். 32 என்றால் 16. மேலே சொன்ன படத்தை 28ஆல் வகுத்துவிட்டால் 5 × 3.5 அங்குலம் என்று வரும், அதை நம்பி 11 × 9.5 அங்குலத் துண்டு வாங்கினால் படம் நிற்க இடமிருந்தாலும் அகலத்தில் பக்கத்துக்கு அரை அங்குலம்தான் மிஞ்சும். லுகானா போன்ற 25 கவுண்ட் துணிக்கு 12.5ஆல் வகுக்க வேண்டும்: அகலம் 11.2 அங்குலம்.

துண்டுத் துணிப் பட்டியல்களில் "45 × 50" என்று மட்டும் போட்டிருந்தால் அது செ.மீ.யா அங்குலமா என்று கேட்டுவிடுங்கள். 45 செ.மீ. என்பது 18 அங்குலத்துக்கும் குறைவு. "சுமார்" என்ற சொல் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம் குறைந்தே வரும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவது நல்லது.

ஸ்வைகார்ட் என்ற ஜெர்மன் தயாரிப்பாளரின் துணியைக் கேட்பதாக இருந்தால் அவர்களின் எண்ணையே எழுதலாம்: 14 கவுண்ட் ஐடாவுக்கு 3706, 16க்கு 3251, 18க்கு 3793. சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது நிறம். 100 என்றால் வெள்ளை, 264 என்றால் ஐவரி. "3706/100" என்று எழுதினால் வேறு துணி வர வழியே இல்லை.

நூல்: எத்தனை ஸ்கெயின்

டிஎம்சி, ஆங்க்கர் என்ற இரண்டு நிறுவனங்களின் நூலிலும் ஒரு ஸ்கெயின், அதாவது ஒரு நூல் சிட்டம், 8 மீட்டர், ஆறு இழை. 14 கவுண்டில் இரண்டு இழையாகத் தைத்தால் ஒரு ஸ்கெயினிலிருந்து 24 மீட்டர் இரட்டை இழை கிடைக்கிறது. இது எத்தனை கட்டத்துக்கு வரும்?

14 கவுண்டில் ஒரு கட்டத்தின் பக்கம் 1.8 மி.மீ. முன்பக்கத்தில் இரண்டு மூலைவிட்டம், சேர்ந்து 5.1 மி.மீ. பின்பக்கத்தில் இரண்டு செங்குத்துக் கோடு, 3.6 மி.மீ. ஆக ஒரு குறுக்குத் தையல் 8.7 மி.மீ. நூலை விழுங்குகிறது. 24 மீட்டரை அதால் வகுத்தால் 2,700க்கு மேல் வரும். ஆனால் ஒவ்வொரு 45 செ.மீ. நூலிலும் தொடக்கத்தில் 3 செ.மீ., முடிவில் 5 செ.மீ. மறைக்கப் போய்விடும். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுவதும் இருக்கிறது, பிரித்துத் தைப்பதும் இருக்கிறது. எனவே ஸ்கெயினுக்கு 1,800 கட்டம் என்று வைத்துக்கொண்டால் நடுவில் நூல் தீராது. இதே விகிதத்தில் 16 கவுண்டில் இரண்டு இழைக்கு 2,000, 18 கவுண்டில் இரண்டு இழைக்கு 2,300, 11 கவுண்டில் மூன்று இழைக்கு 900. ஒற்றைக் கட்டங்களாகச் சிதறிக் கிடக்கும் நிறமானால் இந்த எண்களில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள், வால்களே நூலைத் தின்றுவிடும்.

பின்னணி வானம் 9,400 கட்டம் என்றால் 5.2 ஸ்கெயின், ஆறாக வாங்க வேண்டும். இங்கே ஐந்து வாங்கிவிட்டு "குறைந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பது சரிவராது. பிறகு வரும் ஸ்கெயின் வேறு சாயத் தொட்டியில் முக்கியதாக இருக்கலாம். எல்லா லேபிளிலும் சாய லாட் எண் இருப்பதில்லை, அதனால் சரிபார்க்கவும் முடியாது. பெரிய பின்னணிக்கான நூல் முழுவதையும் ஒரே ஆர்டரில் வாங்குங்கள், ஒன்று கூடுதலாகவே. கையால் சாயம் தோய்த்த நூலுக்கு இது கட்டாயம். அதில் லாட்டுக்கு லாட் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அப்படியும் குறைந்துவிட்டால் ஒரு வழி இருக்கிறது. பழைய நூல் முழுவதும் தீர்வதற்கு முன்பே நிறுத்தி, சில வரிசைகளுக்குப் பழைய இழை ஒன்றும் புதிய இழை ஒன்றும் சேர்த்துக் கோத்துத் தைத்து, பிறகு புதியதற்கு மாறலாம். எல்லை மங்கிவிடும். தட்டையான ஒரே நிற வானத்தில் இது முழுமையாக மறையாது என்றாலும், கோடு கிழித்ததுபோல் தெரிவதற்கு இது எவ்வளவோ மேல்.

எண் ஒன்றே, நிறம் வேறு

நிறத்தின் பெயரால் ஆர்டர் செய்யாதீர்கள். "லைட் ப்ளூ" என்ற சொல் ஒரே நிறுவனத்தில் அரை டஜன் நிறங்களோடு ஒட்டி வரும். எண்ணை எழுதும்போதும் நிறுவனப் பெயர் முன்னால் இருக்க வேண்டும். டிஎம்சி 310 கறுப்பு. ஆங்க்கர் 310 பழுப்பு. டிஎம்சியில் அதற்கு அருகில் வருவது 434. ஆங்க்கரில் கறுப்பு வேண்டுமென்றால் 403. சார்ட்டில் "310" என்று பார்த்துவிட்டு ஆங்க்கர் கடையில் அதே எண்ணைக் கேட்டால் பூனையின் கறுப்பு முதுகு பழுப்பாகத்தான் வரும்.

டிஎம்சியின் பிற்காலச் சேர்க்கைகளில் 01 முதல் 35 வரை உள்ள எண்கள் இருக்கின்றன. பூஜ்யத்தோடு "05" என்று எழுதுங்கள். வெறும் 5 என்றால் தடித்த முறுக்கு நூலான பேர்ல் 5 என்று படிக்கப்படவும் இடமுண்டு. அந்தக் குழப்பத்தை ஒரேயடியாகத் தவிர்க்க, நூல் வகையின் எண்ணையும் சேர்த்துவிடலாம்: டிஎம்சியில் ஆறிழை நூல் 117, பேர்ல் ஸ்கெயின் 115, பேர்ல் உருண்டை 116. எண்ணுக்கு முன்னால் ஆங்கில "இ" (E) வந்தால் அது ஜரிகைப் பளபளப்புள்ள லைட் எஃபெக்ட்ஸ். சாதாரண நூல் என்று நினைத்து வாங்கினால் சிக்கும் பிரியும் தாங்காது. அதைக் குட்டையாக, 30 செ.மீ. அளவில்தான் வெட்டித் தைக்க வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொன்றுக்கு மாற்றித் தரும் அட்டவணைகள் "அருகில் வருவது" என்ற அளவுக்குத்தான் உதவும். முகத்தின் தோல், பூவிதழ் மாதிரி நாலைந்து சாயல் அடுத்தடுத்து வரும் இடத்தில் பாதியை ஒரு நிறுவனத்திலும் பாதியை இன்னொன்றிலும் எடுத்தால் படிப்படியான மாற்றம் உடைந்து ஒரு திட்டு தெரியும். மாற்றுவதென்றால் அந்த வரிசை முழுவதையும் மாற்றுங்கள்.

திரையில் தெரியும் நிறத்தை நம்பி நூல் தேர்ந்தெடுப்பது வீண். அடிக்கடி வாங்குகிறவர்கள் உண்மையான நூல் துணுக்குகள் ஒட்டிய நிற அட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். அச்சிட்ட அட்டையும் உண்டு, விலை குறைவு. நூல் ஒட்டியதே உதவும்.

"447 நிறம்" என்று மொத்தமாக வரும் மலிவுப் பெட்டிகள் பல, டிஎம்சி எண்களை ஒட்டிக்கொண்ட வேறு நூல். பழகிப் பார்க்க, குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க அவை போதும். சட்டம் போட்டு மாட்டப்போகும் வேலைக்கு வேண்டாம்: இழையின் பருமன் சீராக இருக்காது, மினுமினுப்புக் குறைவு, சிவப்பும் கருநீலமும் தண்ணீர் பட்டதும் கசியக்கூடும். தொலைந்துபோன ஒரு நிறத்தை அசல் டிஎம்சியில் வாங்கிச் சேர்த்தாலும் பக்கத்தில் பொருந்தாது.

ஊசி விஷயம் சுருக்கமானது. முனை மழுங்கிய டேபஸ்ட்ரி ஊசி: 11 கவுண்டுக்கு 22, 14க்கு 24, 16 அல்லது 18க்கு 26, அதைவிட நெருக்கமானதற்கு 28. எண் கூடினால் ஊசி மெலியும். எம்பிராய்டரி ஊசி என்று மட்டும் எழுதினால் கூர்முனை ஊசி வந்துவிடும், அது ஐடாவின் இழையைக் குத்திப் பிளக்கும். 24ம் 26ம் கலந்த பாக்கெட் கிடைத்தால் அதையே எடுங்கள். ஊசிக் காதில் முலாம் போனதும் ஊசியை மாற்ற வேண்டிவரும், இருப்பு இருந்தால் அதற்காக இன்னொரு பார்சல் போட வேண்டாம்.

பேட்டர்ன் புத்தகம்

ஏமாற்றம் அதிகம் இங்கேதான், ஏனென்றால் அட்டைப்படத்தைப் பார்த்து வாங்குகிறோம். அட்டையில் இருப்பது தைத்து முடித்த படம். நாம் மாதக்கணக்கில் உட்காரப்போவது உள்ளே இருக்கும் சார்ட்டோடு. ஆகவே விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள்: பொருளடக்கம், பெரிய சார்ட் ஒன்றின் பக்கம்.

அந்தச் சார்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது குறியீடு. நிறத்தால் மட்டும் நிரப்பிய சார்ட்டில் அடுத்தடுத்து ஐந்து பச்சை இருந்தால் விளக்கு வெளிச்சத்தில் எது எது என்று பிரிக்க முடியாது. நிறத்தோடு குறியீடும் இருப்பதே நல்ல சார்ட். கறுப்பு வெள்ளைக் குறியீடும் சரியே, நகல் எடுத்தாலும் தெளிவு போகாது. அடுத்தது கட்டத்தின் அளவு: பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும், அந்தப் பத்தும் சேர்ந்து 2.5 செ.மீ. இருந்தால் கண் வலிக்காது, 2 செ.மீ.க்குக் குறைந்தால் பூதக்கண்ணாடி வேண்டும். பிறகு மடிப்பு. இரண்டு பக்கத்தில் பரவிய சார்ட்டின் நடுவில் ஒன்றிரண்டு வரிசை தைத்த முதுகுக்குள் போய்விடும். நல்ல பதிப்பில் அந்த வரிசைகளை அடுத்த பக்கத்தில் சாம்பல் நிறத்தில் திரும்பக் காட்டியிருப்பார்கள். கம்பிச் சுருள் கட்டு என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

கட்டக் கணக்குக் கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். "முடிந்த அளவு 12 × 9 அங்குலம்" என்று மட்டும் போட்டு எந்தக் கவுண்டில் என்று சொல்லாவிட்டால் அந்த வரியால் பயனில்லை. தடித்த கோடுகளைப் பத்துப் பத்தாக நீங்களேதான் எண்ண வேண்டும். கட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் நிரப்பும் கால் தையல், முக்கால் தையல் நிறைய இருந்தால் ஐடாவில் கட்டத்தின் நடுவை ஊசியால் குத்தித் துளைக்க வேண்டியிருக்கும், அப்படிப்பட்ட சார்ட்டுக்கு ஈவன்வீவ் வாங்குவதே மேல். துணி ஆர்டரையும் புத்தக ஆர்டரையும் ஒரே நாளில் அனுப்பாமல், புத்தகம் வந்து பார்த்த பிறகு துணிக்கு எழுதுவது இதனால்தான்.

பழைய புத்தகம் வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பின்னட்டைப் பையில் இருந்த மடித்த சார்ட் தாள் இன்னும் இருக்கிறதா? குறியீடுகளின்மேல் மார்க்கர் பேனாவால் யாராவது தைத்ததை அடித்துக்கொண்டே போயிருக்கிறார்களா? பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா? "நல்ல நிலை" என்ற சொல்லுக்குள் மார்க்கர் அடித்த சார்ட்டும் அடங்கிவிடும். மஞ்சளில் அடித்திருந்தால் கறுப்பு வெள்ளை நகலில் பெரும்பாலும் மறையும், பச்சையிலோ நீலத்திலோ அடித்திருந்தால் குறியீடு போனது போனதுதான். தலைப்பைவிட ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொண்டு தேடுங்கள். ஒரே புத்தகம் இரண்டு நாட்டில் இரண்டு தலைப்பில் வருவதும் உண்டு, ஒரே தலைப்பில் இரண்டு புத்தகம் இருப்பதும் உண்டு. 2007க்கு முந்தைய பதிப்புகளில் 10 இலக்க எண் இருக்கும், அதன்பின் 13.

மொழி தெரியாத புத்தகம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. கட்டமும் குறியீடும் எல்லா மொழிக்கும் ஒன்றே. நூல் பட்டியலின் தலையில் உள்ள நிறுவனப் பெயரை மட்டும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். ஜப்பானியப் புத்தகங்களில் டிஎம்சியும் வரும், காஸ்மோ, ஒலிம்பஸ் எண்களும் வரும்.

தபாலே தேவையில்லாத பிடிஎஃப் சார்ட்டுகளில் வேறு வகைக் கண்ணி. முன்னோட்டமாகத் தைத்த படம் இல்லாமல் ஓவியம் மட்டும் இருந்தால், அது மென்பொருளில் போட்டுக் கட்டமாக்கிய படமாக இருக்க வாய்ப்பு அதிகம். அடையாளம் எளிது: 300 × 400 கட்டம், 90 நிறம். அதாவது 1,20,000 தையல், 14 கவுண்டில் ஏறத்தாழ 21 × 29 அங்குலம், அதில் பாதி ஒற்றைக் கட்டங்களாகச் சிதறியிருக்கும். சில நிறம் மொத்தமே 12 கட்டம், அதற்கும் ஒரு ஸ்கெயின் வாங்க வேண்டும். நூற்றுக்கணக்கான சார்ட்டை அள்ளித் தருகிற தொகுப்புகளும், பழைய பத்திரிகைகளின் ஸ்கேன்களும் பெரும்பாலும் வரைந்தவருக்குத் தெரியாமல் விற்கப்படுபவை. வடிவமைத்தவர் பெயர் இல்லாத சார்ட்டில் தவறு இருந்தால் கேட்கவும் ஆளில்லை.

துணி, நூல், சார்ட் எல்லாம் சேர்ந்து வரும் கிட் வாங்கினால் "கவுண்டட்" என்கிற எண்ணித் தைப்பதா, "ஸ்டாம்ப்ட்" என்கிற துணியில் அச்சிட்டதா என்பதைப் பார்த்து வாங்குங்கள். கிட்டின் நூல் அட்டையில் பெரும்பாலும் நிறுவன எண் இருக்காது. நூல் தீர்ந்தால் தயாரிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும், அவர்கள் கேட்பது கிட் எண்ணை. உறையைக் கிழித்து எறிந்துவிட்டால் அந்த எண்ணும் போய்விடும்.

ஆர்டர் வரி எப்படி இருக்க வேண்டும்

"டிஎம்சி, 117, 3865, 2 ஸ்கெயின்." ஒரு வரிக்கு ஒரு நிறம், எண் வரிசையில். கடையில் எடுத்துக் கொடுப்பவர் தட்டுத் தட்டாகப் போகிறார். சார்ட்டில் உள்ள குறியீட்டு வரிசையில் எழுதினால் முன்னும் பின்னும் ஓடி ஒன்றை விட்டுவிடுவார். கடைசி வரியில் இரண்டு வாக்கியம்: "இல்லாத நிறத்துக்கு மாற்று அனுப்ப வேண்டாம்." "இல்லாததைப் பிறகு அனுப்புவதானால் தனித் தபால் கட்டணம் உண்டா என்று முன்பே சொல்லவும்." இது எழுதாத ஆர்டரில் கடைக்காரர் நல்லெண்ணத்தில் பக்கத்து எண்ணை வைத்து அனுப்பிவிடுவார்.

நூலும் ஊசியும் எடை இல்லாதவை, புத்தகம்தான் கட்டணத்தை ஏற்றும். பல நிறங்களைச் சேர்த்து வாங்கினால் நூலுக்கு விழும் தபால் செலவு கரைந்துபோகும். வேறு நாட்டிலிருந்து வாங்கினால் சுங்க வரியையும் கணக்கில் சேருங்கள், ஸ்ப்ரே பசை கேட்காதீர்கள், அழுத்தக் குப்பிகளை விமானத் தபாலில் ஏற்றமாட்டார்கள். துணியைச் சுருட்டி அனுப்பச் சொல்லலாம், மடித்து வந்தாலும் பெரிய குற்றமில்லை, வந்த அன்றே பிரித்துவிட்டால் சரி. பல மாதம் மடிப்பிலேயே கிடந்த துணியில் அந்தக் கோடு அழுக்கேறி நிலைத்துவிடும், இஸ்திரி போட்டாலும் போகாது.

பார்சல் வந்ததும்

கத்தரி எடுப்பதற்கு முன் துணியை அளந்துவிடுங்கள். வெட்டிய துணியைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. ஒரு ஊசி குத்தி, அதிலிருந்து 100 கட்டம் எண்ணி இன்னொரு ஊசி குத்தி, நடுவில் அளவுகோல் வையுங்கள். 14 கவுண்டானால் 18.1 செ.மீ., 16 ஆனால் 15.9, 18 ஆனால் 14.1. பாவு வாட்டத்தில் ஒரு தடவை, ஊடை வாட்டத்தில் ஒரு தடவை. மலிவு ஐடாவில் ஒரு பக்கம் 18.1ம் மறுபக்கம் 19ம் காட்டும். அதில் வட்டமான கடிகார முகம் தைத்தால் முட்டை வடிவில் வரும். அரை செ.மீ. வித்தியாசமுள்ள துணியைப் பூ, எழுத்து எதற்காவது வைத்துக்கொள்ளலாம். வட்டத்துக்கும் முகத்துக்கும் ஆகாது.

அடுத்து சாயம். சிவப்பு, கருஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றில் ஒரு விரல் நீள நூலை வெட்டி, நனைத்த வெள்ளைத் துணியில் வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். கறை பட்டால் அந்த நூலைக் குளிர்ந்த நீரில் தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவைத்த பிறகே வெள்ளைத் துணியில் இறக்க வேண்டும். தைத்து முடித்த பிறகு முதல் அலசலில் ரோஜாவின் சிவப்பு வெள்ளைப் பின்னணியில் இறங்கினால் அதைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

நூலைப் பட்டியலோடு ஒப்பிட்டு, வந்ததைச் சார்ட்டிலேயே டிக் அடியுங்கள். ஒரே எண்ணில் வந்த ஸ்கெயின்களைப் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் சாயல் மாறியிருந்தால் அதைப் பின்னணிக்கு எடுக்காமல் வேறு இலைக்கோ ஓரத்துக்கோ ஒதுக்கிவிடலாம். அட்டையில் சுற்றும்போது எண் அச்சிட்ட தாள் பட்டையைக் கத்தரித்து அந்த அட்டையிலேயே ஒட்டுங்கள். பட்டை போய்விட்ட 3865ஐயும் பிளாங்கையும் மஞ்சள் விளக்கின் கீழே வைத்து எது எதென்று சொல்ல முடியாது.